ஒரு மோட்டார் சைக்கிள், ஓர் ஆள்: சுருவிலில் இருந்து வேலைக்குப் போகும் வழிகள்

காலை ஆறரை மணிக்கு, யாழ்ப்பாணத் தீவகத்துச் சுருவில் கிராமத்தில் பஸ்ஸுக்கு நிற்பவர்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். யாழ்ப்பாணம் பெரிய கடைப் பக்கம் புடைவைக் கடையில் வேலை செய்யும் ஒரு பிள்ளை. டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போகும் இரண்டு மாணவர். கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்தபடி ஓர் ஆச்சி. அவர்களைக் கடந்து மோட்டார் சைக்கிள்கள் போய்க்கொண்டே இருக்கின்றன. காற்றுக்காக ஜக்கெற்றை முன்பின்னாக மாற்றிப் போட்ட எழுதுவினைஞர் ஒருவர், ஸ்கூட்டியில் வங்கிக்குப் போகும் தங்கச்சி ஒருத்தி, டவுனில் மேசன் வேலைக்குப் போகும் பொடியன் ஒருவன். ஒவ்வொரு வண்டியிலும் ஒருவர்தான். ஆச்சி கையை நீட்டுகிறார்.

"தம்பி, டவுனுக்கோ?"

"ஓமணை ஆச்சி. ரெண்டாவது ஹெல்மற் இல்லையணை. பண்ணையில பொலிஸ் நிப்பான்."

தம்பி சொன்னது பொய்யில்லை. பின்னால் இருப்பவருக்கும் தலைக்கவசம் கட்டாயம். அவன் போனான். ஆச்சி நின்றார். பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று அங்கே நின்ற நாலு பேரில் ஒருவராலும் திட்டமாகச் சொல்ல முடியவில்லை.

இதே நேரத்தில், தீவகத்தை யாழ்ப்பாணத்தோடு இணைக்கும் பண்ணைத் தாம்போதியின் மறுமுனையில் இதே காட்சி எதிர்த்திசையில் நடக்கிறது. தீவகத்துப் பள்ளிக்கூடங்களில் படிப்பிக்கும் ஆசிரியர்களில் பெரும் பகுதியினர் யாழ்ப்பாண நகரத்திலும் அதைச் சுற்றியும் குடியிருப்பவர்கள். ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலை, நீதிமன்றம், பிரதேச செயலகங்கள், வங்கிகள் எல்லாவற்றுக்கும் அந்தப் பக்கமிருந்து ஆட்கள் வருகிறார்கள். வருபவரும் போகிறவரும் நடுத் தாம்போதியில் தனித்தனியே ஒருவரை ஒருவர் கடக்கிறார்கள்.

தனியாக வாகனம் ஓட்டி வேலைக்குப் போவதற்கு மாற்று என்ன என்ற கேள்வி உலகத்தில் பெரும்பாலும் காரைப் பற்றியது. எங்கள் ஊரில் அது மோட்டார் சைக்கிளைப் பற்றியது. இலங்கையில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்கள். ஆண்டுதோறும் நாட்டின் வீதிகளில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் இறக்கிறார்கள். அவர்களில் மோட்டார் சைக்கிளில் போனவர்களின் தொகையே பெரிது. ஒரு காருக்குள் ஒருவர் இருப்பது இடத்தையும் எரிபொருளையும் வீணாக்குவது. ஒரு மோட்டார் சைக்கிளில் ஒருவர் திறந்த தாம்போதியில் காற்றுக்கும் லொறிக்கும் நடுவில் போவதில் உயிரும் பணயமாக இருக்கிறது.

செலவைப் பார்ப்போம். சுருவிலில் இருந்து யாழ்ப்பாண நகரம் ஏறத்தாழ இருபது கிலோமீற்றர். போய்வர நாற்பது. லீற்றருக்கு ஐம்பது கிலோமீற்றர் ஓடும் வண்டி என்றால் நாளுக்கு 800 மில்லிலீற்றர் பெற்றோல் வேண்டும். மாதத்தில் 22 வேலை நாள் என்றால் 17.6 லீற்றர். லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் 5,280 ரூபா. இது பெற்றோல் மட்டும். ஒயில், ரயர், காப்புறுதி, வருட வரிப்பத்திரம், புகைப் பரிசோதனை எல்லாம் தனி. இவற்றோடு, தீவகத்தில் வண்டி வைத்திருப்பவர் எல்லோருக்கும் தெரிந்த இன்னொரு செலவு உண்டு: உப்பு. இரண்டு பக்கமும் கடல் கிடக்கும் பாதையில் தினமும் ஓடும் வண்டியின் செயினும் சைலன்சரும் மற்ற இடத்து வண்டிகளை விட முந்தித் துருப்பிடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலே லீசிங் கட்டுப்பணம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் கதவு திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் பழைய மோட்டார் சைக்கிளின் விலைகூட எட்டாத உயரத்துக்குப் போனது. கடையில் வேலை செய்யும் ஒரு பிள்ளையின் சம்பளத்தில் கட்டுப்பணமும் பெற்றோலும் போக மிஞ்சுவதை நினைத்துப் பாருங்கள்.

இவ்வளவு செலவும் ஆபத்தும் இருந்தும் சனம் ஏன் அதை விடவில்லை? சொகுசுக்காக என்று சொல்கிறவர்கள் சோழகம் அடிக்கும் மாதங்களில் ஒரு நாள் பண்ணைத் தாம்போதியில் மோட்டார் சைக்கிள் ஓடிப் பார்க்க வேண்டும். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து அந்தக் காற்று வருகிறது. காலையில் டவுனுக்குப் போகும்போது முதுகில் தள்ளும். மாலையில் திரும்பும்போது முகத்தில் அறையும். பாரமில்லாத ஸ்கூட்டியை வீதியின் மற்றக் கரைக்கே இழுத்துக்கொண்டு போகும். மாரியில் வாடை வந்தால் திசை மாறுமே தவிர வேதனை மாறாது, மழையும் சேர்ந்துகொள்ளும். இதில் சொகுசு எங்கே? சனம் மோட்டார் சைக்கிளில் வாங்குவது ஒன்றே ஒன்றை: தான் புறப்படும் நேரம் தன் கையில் இருக்கும் என்ற நிச்சயத்தை. மற்ற வழிகளை எல்லாம் அந்த நிச்சயத்தை வைத்தே அளந்து பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. இந்தக் கட்டுரை முழுவதிலும் நான் வைத்திருக்கும் தராசும் அதுதான்.

முதலில் பஸ். 1958 ஜனவரி முதலாம் திகதி தனியார் பஸ் கொம்பனிகளை அரசுடைமையாக்கி இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. எங்கள் பெரியவர்களின் வாயில் அது இன்றைக்கும் "சீரீபி"தான். அந்தக் கால பஸ் வரும் நேரத்தை வைத்து வீட்டில் உலை வைத்தார்கள் என்று அம்மம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். மிகையாகவும் இருக்கலாம். ஆனால் அவருடைய நினைவில் தங்கியிருந்தது பஸ்ஸின் நிறமோ இருக்கையோ இல்லை, அதன் நேரம். பிறகு சபை பிராந்தியங்களாகப் பிரிந்தது, தனியார் மினிபஸ் வந்தது, மக்கள்மயம் என்றார்கள், 2005 இன் சட்டத்தோடு மீண்டும் ஒரே சபையானது. தெற்கில் இவற்றில் சில நடந்துகொண்டிருந்தபோது எங்களுக்குப் பண்ணை வழியே இருக்கவில்லை. 1990 ஓகஸ்டில் இராணுவம் தீவகத்துக்குள் இறங்கியது. சனம் இடம்பெயர்ந்தது. தீவகம் ஒரு கையிலும் யாழ்ப்பாணம் மறு கையிலுமாக, பாதை ஐந்தாறு வருடம் மூடிக் கிடந்தது. திரும்பி வந்தவர்கள் குறைவு. கொழும்புக்கும் கனடாவுக்கும் பிரான்சுக்கும் போனவர்களின் வளவுகளில் இன்றைக்கும் பனையும் பற்றையும்தான் நிற்கின்றன. ஆட்கள் குறைந்த ஊருக்குப் பஸ் குறையும். பஸ் குறைந்த ஊரில் இருப்பவர்களும் மோட்டார் சைக்கிளுக்கு மாறுவார்கள். அதனால் பஸ்ஸில் ஏறும் ஆட்கள் இன்னும் குறைவார்கள். சுருவில் இந்தச் சுழலுக்குள் கிடக்கிறது.

இன்று இந்தப் பாதையில் இ.போ.ச. பஸ்ஸும் ஓடுகிறது, தனியார் பஸ்ஸும் ஓடுகிறது. இருவருக்கும் பொதுவான இணைந்த நேர அட்டவணை பற்றி வடக்கில் நடக்காத கூட்டமில்லை. தனியாருக்கு 60, இ.போ.ச.வுக்கு 40 என்ற பங்கீடும் நெடுநாளாகப் பேசப்படுகிறது. தரிப்பிடத்தில் நிற்பவருக்கு இதன் விளைவு இப்படித்தான் தெரியும்: இரண்டு பஸ் ஒன்றன்பின் ஒன்றாக வரும், பிறகு நெடுநேரம் ஒன்றும் வராது. முன்னால் போகும் பஸ் சனத்துக்காக ஊர்ந்து, பின்னால் வருவதைக் கண்டதும் பறக்கும். சீசன் ரிக்கற் வைத்திருக்கும் மாணவன் இ.போ.ச.வுக்காகக் காத்திருக்க வேண்டும். தனியார் பஸ்ஸில் அது செல்லாது. மாலையில் நிலைமை இன்னும் மோசம். டவுனில் கடை பூட்டும் நேரத்துக்கும் கடைசி பஸ்ஸுக்கும் பொருத்தமில்லை. நான் மேலே சொன்ன புடைவைக் கடைப் பிள்ளை, முதலாளியிடம் கேட்டுக் கால் மணித்தியாலம் முந்தி இறங்கி, பஸ் ஸ்டாண்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போகிறவள். ஒரு நாள் தவறினால் ஓட்டோவுக்குக் கொடுக்கும் காசில் அன்றைய உழைப்பின் பெரும்பகுதி போய்விடும். அவள் ஒரு நாள் ஸ்கூட்டி வாங்குவாள். அவளை யார் குறை சொல்ல முடியும்?

பெண்களைப் பொறுத்தவரை இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2015 இல் இலங்கையில் செய்த ஆய்வில், பஸ்ஸிலும் ரயிலிலும் பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாகச் சொன்ன பெண்கள் 90 வீதம். யாழ்ப்பாணத்துப் பெண்களுக்கு ஸ்கூட்டி ஒரு வாகனம் மட்டுமாக இருக்கவில்லை. அண்ணனையும் அப்பாவையும் கேட்டுக்கொண்டு நிற்காமல் வேலைக்குப் போய்வரும் வழியை அது திறந்தது. அதை விட்டுவிடு, பஸ்ஸில் ஏறு என்று சொல்வதற்கு முன்னால் பஸ்ஸை அவர்கள் அச்சமின்றி ஏறக்கூடியதாக ஆக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2021 மே மாதம் சாதாரண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று அறிவித்தார்கள். வீட்டு வேலைக்கும் பூ விற்கவும் போகும் பெண்களின் மாதக் கணக்கில் அது நேரடியாக விழுந்த மிச்சம். ஆனால் அங்கே நகரப் பஸ் அடிக்கடி ஓடுகிறது. வராத பஸ்ஸில் இலவசம் கொடுத்துப் பயனில்லை.

பஸ்ஸைப் பற்றி இப்படி மனம் வெறுத்துப்போகிற வேளையில் எங்கள் கண்ணுக்கு முன்னாலேயே ஒரு மறுப்பு மிதக்கிறது: படகு. நெடுந்தீவுக்கோ நயினாதீவுக்கோ எவராலும் தனியாக வாகனம் ஓட்டிப் போக முடியாது. குறிகட்டுவான் இறங்குதுறை வரை பஸ்ஸிலோ மோட்டார் சைக்கிளிலோ வந்து, வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு, எல்லோரும் ஒரே படகில் ஏற வேண்டும். நயினாதீவுக்குப் போகும் குருக்களும் பிக்குவும் தபால்காரரும் பக்கத்துப் பக்கத்துப் பலகையில் இருப்பார்கள். நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலக் கடல். குமுதினி, வடதாரகை, 2017 இல் வந்த நெடுந்தாரகை என்று அந்தப் படகுகளுக்குப் பெயரும் வரலாறும் உண்டு. 1985 மே 15 அன்று குமுதினியில் வைத்தே பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகும் அதே படகு ஓடியது. அதே சனம் அதில் ஏறியது. வேறு வழியில்லை என்பது ஒரு காரணம். காலையில் படகு இத்தனை மணிக்கு வெளிக்கிடும், அதைத் தவறவிட்டால் அன்றைய வேலை இல்லை என்று எல்லோருக்கும் தெரியும் என்பது மற்றக் காரணம். நேரம் தெரிந்தால் சனம் சேர்ந்து பயணம் செய்யும். நாலு மணிக்கு எழும்பி, சோற்றைக் கட்டிக்கொண்டு, டவுனில் பஸ் ஏறி, குறிகட்டுவானில் படகு ஏறி நெடுந்தீவுப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் ஆசிரியையைக் கேட்டால் இது விளங்கும். அவருக்குக் கோபம் வருவது படகு ஆடுவதால் இல்லை. பஸ் பிந்தி வந்து, படகு கண்ணுக்கு முன்னால் போவதைப் பார்க்கிற நாளில்தான்.

பஸ்ஸும் படகும் வெவ்வேறு கைகளில் இருக்கின்றன. படகு வீதி அபிவிருத்தி அதிகார சபை, பிரதேச சபை, தனியார் என்று பிரிந்து கிடக்கிறது. பஸ் இன்னொரு இடத்தில். ஒன்றின் நேரம் மாறினால் மற்றதுக்குத் தெரியாது. இதைச் சீர்செய்யப் புதுப் படகோ புதுப் பஸ்ஸோ வாங்க வேண்டியதில்லை.

சுருவில்காரருக்கு இன்னும் கிட்டவுள்ள நீர்வழி ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் ஓடும் "பாதை". கடற்கோட்டையைப் பார்த்தபடி ஒரு கிலோமீற்றருக்கும் குறைந்த நீரைக் கடக்கும் மிதவை அது. சனம், சைக்கிள், மோட்டார் சைக்கிள் எல்லாம் அதில் ஏறும். அது ஓடினால் சுருவிலில் இருந்து வட்டுக்கோட்டைக்கோ சங்கானைக்கோ வேலைக்குப் போகிறவர், காரைநகரால் பொன்னாலைப் பாலம் ஏறி விரைவாகப் போய்ச் சேரலாம். அது பழுதுபட்டு நின்றால் அதே ஆள் பண்ணையால் சுற்றி யாழ்ப்பாணம் போய் வர வேண்டும். ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்கு அந்தச் சுற்றுப்பாதை நாற்பது கிலோமீற்றருக்கு மேல். பாதை பழுதாகி நின்ற காலங்கள் பல. பாலம் வேண்டும் என்ற கோரிக்கை நெடுங்காலமாக உண்டு. பாலம் வரும்போது வரட்டும். அதுவரை, ஒரு பாதை பழுதானால் ஏற்ற மாற்றுப் படகு அதே இறங்குதுறையில் கட்டி நிற்க வேண்டும். இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு தூரத்தைச் சுருக்கும் வழி தீவகத்தில் வேறில்லை என்று நான் நம்புகிறேன்.

சைக்கிளுக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் சைக்கிளைப் பற்றி எழுதத் தொடங்கினால் நிறுத்துவது கடினம். 1990 இலிருந்து பொருளாதாரத் தடை இருந்த வருடங்களில் குடாநாடு முழுவதும் மிதித்தே உயிர் வாழ்ந்தது. மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஸ்ராட் எடுக்க மட்டும் சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்டார்கள். நோயாளியும் விறகும் நெல் மூட்டையும் பிள்ளையும் கரியரிலும் பாரிலும் போயின. இடம்பெயர்ந்திருந்த தீவகத்துச் சனமும் அந்தக் கூட்டத்தில் ஒன்று. ஆகவே சைக்கிள் மிதிக்கத் தெரியாத தலைமுறை என்று எங்களில் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த மிதிப்பு வறுமையோடும் குண்டுச் சத்தத்தோடும் ஒட்டிக்கொண்ட நினைவு. சமாதானம் வந்ததும் சனம் முதலில் இறங்கியது சைக்கிளில் இருந்துதான் என்றால் அதை நான் புரிந்துகொள்கிறேன்.

இருபது கிலோமீற்றர், எதிர்க்காற்று, வெயில். டவுன் வேலைக்கு முழுத் தூரமும் சைக்கிளில் போகச் சொல்வது நியாயமில்லை. ஆனால் சுருவிலில் இருந்து நாரந்தனைக்கோ கரம்பொன்னுக்கோ ஊர்காவற்றுறைக்கோ போகிறவருக்கு, வீட்டிலிருந்து பஸ் தரிப்பிடத்துக்கோ பாதை இறங்குதுறைக்கோ போகிறவருக்குச் சைக்கிளை விட நல்ல வாகனம் கிடையாது. தடை ஒன்றுதான்: கொண்டுபோன சைக்கிளை எங்கே விடுவது? தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை, பூட்டிக் கட்ட ஓர் இரும்புக் குழாய், பார்த்துக்கொள்ள பக்கத்துக் கடைக்காரருக்கு மாதம் சிறு தொகை. இவ்வளவு போதும். முன்பு பட்டணத்துச் சந்திகளில் இருந்த "சைக்கிள் பாக்" இதுதானே.

2022 பொருளாதார நெருக்கடியில் நடந்ததை இந்தக் கேள்விக்கான ஒரு பெரிய பரீட்சை என்றே சொல்ல வேண்டும். வருடத் தொடக்கத்தில் 177 ரூபாவாக இருந்த 92 ஒக்ரேன் பெற்றோல் ஜூன் 26 அன்று 470 ரூபாவானது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. பெற்றோல் செற் வாசலில் இரவு முழுக்க வரிசை. பிறகு கியூஆர் பங்கீட்டு முறை வந்தது: மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5. முன்னே போட்ட கணக்கைத் திரும்பிப் பாருங்கள். சுருவிலில் இருந்து டவுனுக்கு ஐந்து நாள் போய்வந்தால் 200 கிலோமீற்றர். சரியாக 4 லீற்றர். கோயிலுக்கோ ஆஸ்பத்திரிக்கோ ஒரு சொட்டும் மிஞ்சாது.

அப்போது சனம் என்ன செய்தது? தாழ்வாரத்தில் பழைய சாமானோடு கிடந்த லுமாலா சைக்கிள்களைத் துடைத்து எடுத்தார்கள். சைக்கிள் கடையில் ரியூப் கிடைக்கவில்லை. புதுச் சைக்கிளின் விலை மாதத்துக்கு மாதம் ஏறியது. பஸ்கள் மிதிபலகை வரை நிரம்பின. ஒரே பள்ளிக்கூடத்துக்குப் போகும் ஆசிரியர்கள் இருவர் இருவராகச் சேர்ந்தார்கள். "ஒரு கிழமை உங்கட வண்டி, மற்றக் கிழமை என்ர" என்று பேசிவைத்து, இரண்டு கியூஆரையும் ஒன்றாக்கினார்கள். இரண்டாவது ஹெல்மற் அப்போது எல்லா வண்டியிலும் தொங்கியது. கார் வைத்திருந்த ஓர் அதிகாரி நாலு பேரை ஏற்றிக்கொண்டு பண்ணை கடந்ததையும் பார்த்தோம். அரச அலுவலகங்களில் அவசியமான ஆட்களை மட்டும் அழைத்து மற்றவர்களை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னார்கள்.

2023 செப்டம்பர் முதலாம் திகதி கியூஆர் முறை முடிந்தது. சில மாதங்களுக்குள் எல்லாம் பழையபடி. இரண்டு ஆசிரியர்களும் இரண்டு வண்டியில் போனார்கள். மனிதரின் சுயநலம் என்று இதை ஒதுக்கிவிட நான் தயாரில்லை. ஒரு வருடத்துக்கு மேலான அந்தக் காலத்தில் சனம் தாமாகச் செய்துகொண்ட ஏற்பாடுகளை எந்த அலுவலகமும் பார்த்துக் குறித்துவைக்கவில்லை, ஒரு பஸ்ஸின் நேரத்தையும் அதற்காக மாற்றவில்லை. தட்டுப்பாட்டால் வந்த கூட்டு, தட்டுப்பாட்டோடு போனது.

சேர்ந்து போவதைச் சட்டமும் அமைப்பும் தாங்கிப்பிடித்த இடங்களில் அது தட்டுப்பாடு இல்லாமலும் நடந்திருக்கிறது. சிங்கப்பூர் 1975 இல் நகர மையத்துக்குள் காலையில் நுழையும் கார்களுக்குக் கட்டணம் வைத்தபோது, நாலு பேரோ அதற்கு மேலோ இருந்த காரை விட்டுவிட்டது; தரிப்பிடங்களில் நின்றவர்களைக் கார்க்காரர்களே கூப்பிட்டு ஏற்றினார்கள். அமெரிக்காவில் வாஷிங்டன் புறநகர்களில் 1970களிலிருந்து முன்பின் தெரியாதவர்கள் குறித்த இடத்தில் வரிசையாக நிற்கிறார்கள். மூன்று பேர் இருந்தால் கட்டணமின்றிப் போகக்கூடிய விரைவுப் பாதை இருப்பதால், தனியாக வரும் கார்க்காரர் இருவரை இலவசமாக ஏற்றிக்கொண்டு போகிறார். பிரான்சில் வேலை கொடுப்பவர் தொழிலாளியின் பஸ், ரயில் சீசன் ரிக்கற்றில் பாதியைக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். பாரிஸில் உணவகங்களிலும் கடைகளிலும் வேலை செய்யும் எங்கள் தீவகத்துப் பிள்ளைகளின் சம்பளச் சிட்டையில் அந்தக் கொடுப்பனவு இருக்கிறது. யாழ்ப்பாணத்து முதலாளிமாருக்கு அப்படி ஒரு கடப்பாடு இல்லை. சட்டம் வரும்வரை காத்திருக்காமல், தீவகத்திலிருந்து வரும் பிள்ளைகளைக் கடைசி பஸ்ஸுக்கு முந்தி விடுவது என்று சில முதலாளிமார் சேர்ந்து முடிவெடுத்தாலே பெரிய உதவி.

கொழும்பில் "ஒபீஸ் வான்" என்று ஒன்று இருக்கிறது. ஒரே பக்கமிருந்து வருபவர்கள் மாதக் காசு கொடுத்துப் பிடிக்கும் ஹயஸ் வான். எங்கள் பக்கத்தில் பாடசாலை வான் அதே முறையில் ஓடுகிறது. ஆசிரியர்கள் சேர்ந்து வான் பிடிப்பதும் தீவகப் பாதையில் புதிதில்லை. என் பார்வையில் மோட்டார் சைக்கிளுக்கு மிகக் கிட்டவரும் மாற்று இதுதான். வீட்டு வாசலுக்கு வரும், நேரத்துக்கு வரும், மழை படாது, தெரிந்த முகங்கள் இருக்கும். பெண்கள் முதலில் இதையே தெரிவு செய்வார்கள். குறை என்னவென்றால் காலையில் ஆசிரியர்களை இறக்கிவிட்டு அந்த வான் பள்ளிக்கூட வாசலில் பின்னேரம் வரை சும்மா நிற்கும். திரும்பும் வழியில் சுருவிலிலும் சரவணையிலும் நிற்பவர்களை ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போகலாம். ஆனால் ஆள் ஏற்றிக் காசு வாங்க வீதி அனுமதி வேண்டும். பஸ்காரரின் வயிற்றில் அடிக்காமல், பஸ் இல்லாத நேரத்துக்கு மட்டும் அப்படியொரு அனுமதியை மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபை யோசிக்கலாம். கொடிகாமம், பருத்தித்துறைப் பாதையில் சந்தைக்காரரையும் மூட்டையையும் சேர்த்து ஏற்றிய தட்டிவானைத் தந்த மண்ணுக்கு இது புது யோசனையாக இருக்காது.

பின் இருக்கையில் ஒருவரை ஏற்றுவது பற்றி ஒரு வார்த்தை. ஆண்களுக்கு ஒரு ஹெல்மற்றால் தீரும் காரியம் இது. பெண்களுக்கு அப்படியில்லை. பக்கத்து வீட்டு அண்ணையின் வண்டியில் ஒரு நாள் போனால் அதைப் பத்து நாள் பேசும் ஊர் எங்களது. ஸ்கூட்டியில் போகும் பெண்கள் தங்களுக்குள் இருவர் இருவராகச் சேர்வது நடக்கிறது, நடக்கவும் வேண்டும்.

வீட்டிலிருந்து வேலை செய்வது கச்சேரி எழுதுவினைஞருக்கு ஒரு நாள் இரு நாள் பொருந்தும். தாதிக்கும் மேசனுக்கும் மீனவருக்கும் பொருந்தாது. மின்சார ஸ்கூட்டி செலவையும் புகையையும் குறைக்கும். தாம்போதியில் தனியாகப் போகும் ஆபத்தைக் குறைக்காது. வேலை செய்யும் இடத்தில் தங்குவது நெடுந்தீவுக்குச் சரி. கூரை ஒழுகாத, தண்ணீர் வசதியுள்ள, கதவுக்குப் பூட்டுள்ள விடுதி இருந்தால் ஆசிரியை திங்கள் வந்து வெள்ளி போவார்; கிழமைக்குப் பத்துத் தடவை கடல் கடப்பது இரண்டாகும். கஷ்டப் பிரதேசம் என்று பெயர் வைத்துவிட்டு விடுதியையும் கஷ்டமாக வைத்திருப்பதில் என்ன நியாயம்?

எல்லாவற்றையும் பார்த்த பிறகு என் முடிவைச் சொல்கிறேன். சுருவிலுக்குப் பெரிய திட்டம் தேவையில்லை. பண்ணைக்கு இரு பக்கமும் ஒரே நேரத்தில் சனம் எதிர்த்திசைகளில் வேலைக்குப் போகிறது. பெரும்பாலான பட்டணங்களில் காலைப் பஸ் ஒரு திசையில் நிரம்பி மறு திசையில் வெறுமையாக ஓடும். எங்கள் பாதையில் இரண்டு திசைக்கும் ஆள் இருக்கிறது. இப்படி வாய்த்த பாதையில் காலை ஆறு முதல் எட்டு வரையும் மாலை நாலு முதல் ஏழரை வரையும் மட்டுமாவது, இ.போ.ச.வும் தனியாரும் ஒரே அட்டவணையில், சொன்ன நிமிடத்துக்கு ஓடட்டும். குறிகட்டுவான் பஸ் வந்து சேராமல் படகு போகக்கூடாது. படகின் நேரம் மாறினால் பஸ்ஸுக்கு முதலில் தெரிய வேண்டும். ஊர்காவற்றுறைப் பாதைக்கு மாற்றுப் படகு வேண்டும். கடைசி பஸ் கடை பூட்டிய பிறகு புறப்பட வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊரவருக்கும் ஒரு வேண்டுகோள். கோபுரமும் தேரும் கலியாண மண்டபமும் உங்கள் காசில் எழும்பியிருக்கின்றன. நன்றி. அடுத்த முறை ஊர்ச் சங்கம் கூடும்போது ஒரு சின்னக் கணக்கையும் எடுத்துப் பாருங்கள்: சந்தியில் இருக்கை போட்ட ஒரு தரிப்பிடம், அதன் பக்கத்தில் கூரையோடு ஒரு சைக்கிள் கொட்டகை, சுவரில் பஸ் நேரம் எழுதிய ஒரு பலகை, இரவில் எரிய ஒரு சூரிய விளக்கு. அந்தப் பலகையில் எழுதிய நேரத்துக்குப் பஸ் வராவிட்டால் டிப்போவுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்பதற்கு ஊரில் நாங்கள் இருக்கிறோம்.